ரெண்டு போனுக்கு நடுவுல ஒரு ஆரல்வாய்மொழி



பதிவு போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னைக்கு எழுதப்போறது கொஞ்சம் நீளம். பாதி புலம்பல், பாதி யோசனை. புலம்பல் பிடிக்காதவங்க கீழ நம்பர் போட்டு எழுதியிருக்கற பகுதிக்கு நேரா போயிருங்க. அங்க உருப்படியா நாலு வழி இருக்கு.

மேட்டர் இதுதான். மேசை மேல ஒரு ஆண்ட்ராய்டு போன் கிடக்குது. அதுக்குப் பக்கத்துல ஒரு ஐபோன். நடுவுல ஒரு சாண் இடைவெளி. இதுல இருக்கற ஒரு படத்தை அதுல ஏத்தணும். அவ்வளவுதான் வேலை.

நம்ம ஜில்லாவுல இருந்து ரெண்டு பேர் இஸ்ரோ தலைவர் ஆயிட்டாங்க. சரக்கல்விளை கே. சிவன் 2018-ல, மேலக்காட்டுவிளை வி. நாராயணன் 2025 ஜனவரியில. 2023 ஆகஸ்ட் 23 அன்னைக்கு சந்திரயான்-3 நிலாவுல இறங்கி, அங்க இருந்து படம் அனுப்பிச்சு. சுமார் 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி படம் வந்து சேருது. ஒரு சாண் தாண்டிப் போகமாட்டேங்குது. இதைக் கேட்டா சிரிப்பு வருதா இல்லையா?

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். இது தொழில்நுட்பக் கோளாறு கிடையாது. இது சுங்கச்சாவடி. வேணும்னே கட்டி வச்ச சாவடி.

நாஞ்சில் நாட்டுக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம். நம்ம தாத்தா காலத்துல இதே கதை நடந்திருக்கு. 1949 வரைக்கும் நாம திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டினா பிரிட்டிஷ் சீமை. இங்க காசு வேற, அங்க காசு வேற. நம்மகிட்ட 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது நம்ம ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரை சக்கரம். அந்த அரைச் சக்கரத்துக்காகக் கோட்டார் சந்தையில எத்தனை வாக்குவாதம் நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

காசை விடுங்க, கடிதாசுக்கு வருவோம். திருவிதாங்கூருக்குன்னு தனித் தபால் இருந்தது. அதுக்குப் பேரே அஞ்சல். மணி கட்டின கம்பை ஆட்டிக்கிட்டு அஞ்சல்காரன் ஓடிவருவான். 1888-ல சங்கு முத்திரை போட்ட ஸ்டாம்பே அடிச்சாங்க. சமஸ்தானத்துக்குள்ள எங்க வேணும்னாலும் அந்தச் சங்கு ஸ்டாம்பை ஒட்டி அனுப்பலாம். ஆனா மலைக்கு அந்தப்பக்கம் பணகுடியில கட்டிக் கொடுத்த மகளுக்குக் கடிதாசு போடணும்னா சங்கு செல்லாது. பிரிட்டிஷ் தபாலாபீசைத் தேடிப் போய், ராஜா தலை போட்ட ஸ்டாம்பு வாங்கி ஒட்டணும். ஒரே ஊருல ரெண்டு தபால். ஒண்ணோட ஸ்டாம்பு இன்னொண்ணுக்குப் பிடிக்காது. 1951-ல இந்திய தபால்துறையோட அஞ்சலைச் சேர்த்த பிறகுதான் இந்தத் தொல்லை ஒழிஞ்சது.

இத்தனைக்கும் உலக நாடுகள் எல்லாம் 1874-லயே பெர்ன் நகரத்துல உக்காந்து, உன் ஸ்டாம்பை நான் மதிக்கறேன், என் ஸ்டாம்பை நீ மதின்னு ஒப்பந்தம் போட்டாச்சு. சண்டை போட்டுக்கிட்ட நாடுகளே கடிதாசு விஷயத்துல ஒத்துக்கிட்டாங்க. இன்னைக்கு ரெண்டு செல்போன் கம்பெனி ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, ஒரு காலத்துல ஒத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. நோக்கியா 6600 காலம் ஞாபகம் இருக்கா? 2003-ல வந்த செட்டு. அதுக்கும் முந்தி இன்ஃப்ராரெட். ரெண்டு போனையும் தலையோட தலை ஒட்டி வச்சு, கை ஆடாம மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம். அப்புறம் ப்ளூடூத் வந்தது. நோக்கியாவுல இருந்து சோனி எரிக்சனுக்குப் போகும், சாம்சங்குக்குப் போகும், வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பில் இல்லாம வாங்கின சைனா செட்டுக்கும் போகும். என்ன கம்பெனின்னு எவனும் கேக்கல. எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா அஞ்சு கம்பெனியும் 1998-ல சேர்ந்து உண்டாக்கின பொது வழி அது. பத்தாம் நூற்றாண்டுல பிரிஞ்சு கிடந்த டென்மார்க் கூட்டங்களை ஒண்ணாக்கின ஹரால்டு ப்ளூடூத்ங்கற ராஜா பேரை அதுக்கு வச்சாங்க. பேரு பொருத்தம் பிரமாதம்.

2008-ல ஐபோன் இந்தியாவுக்கு வந்தது. ப்ளூடூத் உண்டு. ஹெட்செட் மாட்டலாம், பிற்பாடு கீபோர்டு மாட்டலாம். பக்கத்து போனுக்கு ஒரு படம் தள்ளி விடுறது மட்டும் கிடையாது. இன்னைக்கு வரைக்கும் பழைய ப்ளூடூத் வழியில ஐபோன் ஃபைல் அனுப்பாது. முடியாம இல்ல, வைக்கல.

நியாயமா ஒண்ணு சொல்லணும். பழைய ப்ளூடூத் இன்னைக்கு நமக்குப் போதாது. நடைமுறையில நொடிக்கு 2 மெகாபிட் போனாலே பெரிசு. அந்த வேகத்துல ஒரு ஜிபி வீடியோ போக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நேரடி வைஃபையில நொடிக்கு 200 மெகாபிட் கிடைச்சா அதே வீடியோ முக்கால் நிமிஷத்துல முடிஞ்சிரும். அதனாலதான் எல்லாரும் ஒரே தந்திரத்துக்கு வந்து சேர்ந்தாங்க. ப்ளூடூத்துல கூப்பிட்டு அடையாளம் கேக்கறது, வைஃபையில சுமையைக் கொண்டுபோறது. ஆப்பிளோட ஏர்டிராப் செய்யறதும் இதுதான், ஆண்ட்ராய்டுல க்விக் ஷேர் செய்யறதும் இதுதான். ஏர்டிராப் ஐபோனுக்கு 2013-ல வந்தது. ஆண்ட்ராய்டுல நியர்பை ஷேர்னு 2020 ஆகஸ்ட்ல வந்து, 2024 ஜனவரியில சாம்சங்கோட சேர்ந்து க்விக் ஷேர்னு பேரு மாறிச்சு. ரெண்டு போன்லயும் ஒரே மாதிரி ரேடியோ, ஒரே மாதிரி வழிமுறை. பேசற பாஷையை மட்டும் ஆளுக்கொண்ணா மாத்தி வச்சுக்கிட்டாங்க.

ஜெர்மனியில டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்க ஏர்டிராப்போட ரகசிய பாஷையைப் பிரிச்சு மேஞ்சு, 2019 வாக்குல லினக்ஸ்ல இருந்தே ஐபோனோட பேசற மாதிரி செஞ்சு காட்டிட்டாங்க. பூட்டு எவ்வளவு பெரிய பூட்டுன்னு தெரிஞ்சு போச்சு. நாலு ஆராய்ச்சி மாணவர்கள் திறந்த பூட்டு.

"சரிடே, இப்ப இதனால என்ன குடி முழுகிப் போச்சு? வாட்ஸப்புல அனுப்பிட்டுப் போவியா" அப்படீன்னு சிலர் கேப்பீங்க. நானும் ரொம்ப நாள் இது படிச்ச பசங்களோட சில்லறைப் பிரச்சினைன்னுதான் நினைச்சிருந்தேன். போன வருஷம் எங்க தெருவுல நடந்த ஒரு விஷயத்தைப் பாத்த பிறகு அப்படி நினைக்க முடியல.

பெரியவர் ஒருத்தர் தவறிட்டார். 80 தாண்டினவர். போட்டோன்னு சொன்னாலே தோர்த்தை உதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவார். அவர் பேரன் வெளியூர்ல வேலை பாக்கறான். சுசீந்திரம் மார்கழித் தேருக்கு வந்தப்ப தேர்வடம் பக்கத்துல வச்சு அவருக்கே தெரியாம ஒரு படம் எடுத்திருந்தான். பொக்கை வாய் தெரிய அவர் சிரிக்கற ஒரே படம். பேரன் போன் ஒரு சாதி, வீட்டுல உள்ளவங்க போன் வேற சாதி. ரெண்டு நாள் முயற்சி பண்ணியிருக்கான், ஒண்ணும் ஒண்ணோட சேரல. லீவு முடிஞ்சது, அரட்டை ஆப்புல ஒரு காப்பி அனுப்பிட்டு பஸ் ஏறிட்டான். அப்புறம் எக்ஸ்சேஞ்சு ஆஃபர்ல போனை மாத்தினான். இலவச இடம் நிறைஞ்சு பேக்கப் எப்பவோ நின்னு போயிருந்தது. மூலப் படம் போயாச்சு.

அடியந்திரத்துக்குப் படம் பெருசா வைக்கணும்னு என்னையும் கூட்டிக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போனாங்க. ஸ்டூடியோ தம்பி கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டுச் சொன்னான்: "அண்ணே, இது ஆப்புல வந்த படம்லா. ஒரிஜினல் இருந்தா குடுங்க. இதெ பெருசாக்கினா மொகம் பொரி பொரியாட்டு வரும்."

இருந்தாத்தானே குடுக்க. அவனும் பாவம், ராத்திரி முழுக்க உக்காந்து கம்ப்யூட்டர்ல தேய்ச்சு வழிச்சு ஒரு படம் பண்ணிக் குடுத்தான். மொகம் வழவழன்னு பொம்மை மாதிரி வந்திருந்தது. மாலை போட்டு வச்சாச்சு. வந்தவங்க எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. வீட்டு ஆச்சி மட்டும் ரொம்ப நேரம் பாத்துட்டு, "அவிய சிரிச்சது இப்படி இல்ல மக்கா"ன்னு சொன்னாங்க. அதுக்கு யாரு என்ன பதில் சொல்ல?

நம்ம ஜில்லாவுல இப்படி எத்தனை வீடு இருக்கும்! பிள்ளைங்க பெங்களூர், சென்னை, துபாய், மஸ்கட். அவங்க கையில ஐபோன். வீட்டுல இருக்கற அப்பா அம்மா கையில பத்தாயிரம் ரூபா ஆண்ட்ராய்டு. இந்தியாவுல பத்து போன்ல ஒன்பதுக்கு மேல ஆண்ட்ராய்டுதான். ஆக, இந்தச் சாவடி எங்கேயோ அமெரிக்காவுல இல்ல, நம்ம ஊர்ல நடுவீட்டுக்குள்ளதான் நிக்குது. நல்ல கேமரா ஒரு பக்கம், அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டே மிச்ச காலத்தை ஓட்டறவங்க மறுபக்கம்.

"கிளவுட்ல போட்டு லிங்க் அனுப்பு"ன்னு சொல்றது அடுத்த அறிவுரை. நெட் இருந்தா நல்ல யோசனைதான். 2017 நவம்பர் 30 மறந்து போச்சா? ஒக்கி புயல் அடிச்ச அன்னைக்கு மரமும் மின்கம்பமும் சாஞ்சு, ஜில்லாவுல பல ஊர்ல நாள்கணக்கா கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல. அந்த மாதிரி நேரத்துல கிளவுட்டுன்னு சொன்னா மேல பாக்கலாம், அவ்வளவுதான். பக்கத்துல நிக்கறவன் போனுக்கு நேரடியாப் போற வழி மட்டும்தான் அப்ப வழி.

புயலே வேண்டாம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போறவங்க வாரக்கணக்கா கடல்ல கிடக்கறவங்க. கரை மறைஞ்சு கொஞ்ச தூரம் போனா டவரும் மறைஞ்சிரும். அதுக்கப்புறம் போட்டுல இருக்கற பத்துப் போனும் ஒண்ணோட ஒண்ணுதான் பேசிக்கணும். பாட்டு, படம், வீட்டுல பிள்ளை பாடி அனுப்பின வீடியோ, எல்லாம் கைக்குக் கை மாறணும். அங்க போயி லிங்க் அனுப்புன்னு சொல்ல முடியுமா?

இந்த இடைவெளியிலதான் கண்டவனும் கடை போட்டான். ஷேர்இட், ஸெண்டர் ரெண்டும் ஒரு காலத்துல எல்லார் போன்லயும் இருந்தது. ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் நடுவுல பாலம் போட்டது உண்மை. கூடவே விளம்பரமா வந்து கொட்டும். 2020 ஜூன் 29 அன்னைக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவுல மத்திய அரசு தடை பண்ணின 59 சீன ஆப்புல இந்த ரெண்டும் உண்டு. டிக்டாக் போனதைப் பத்தித்தான் எல்லாரும் பேசினாங்க. ஃபைல் அனுப்பற வழி அடைஞ்சதைப் பத்திப் பேசினவங்க கொஞ்சம். அடுத்த வருஷமே ஷேர்இட்டோட ஆண்ட்ராய்டு ஆப்புல பாதுகாப்பு ஓட்டைகள் இருக்குன்னு ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளியிட்டது. ராஜபாட்டையை அடைச்சா ஜனங்க வேலியில புகுந்து போவாங்க, முள்ளு குத்தும். முள்ளு குத்தினவனைத் திட்டறதுல அர்த்தம் இல்ல, பாட்டையை யார் அடைச்சாங்கன்னு கேக்கணும்.

ஆப்பிள் பக்கத்து வாதத்தையும் சொல்லிடறேன். "பாதுகாப்புக்காகத்தான் மூடி வச்சிருக்கோம்"ங்கறாங்க. இதுல கொஞ்சம் உண்மை உண்டு. ரயில்லயும் விமானத்துலயும் முன்பின் தெரியாதவங்க போனுக்கு ஏர்டிராப்புல ஆபாசப் படம் தள்ளின சம்பவமெல்லாம் வெளிநாட்டுல நடந்திருக்கு. கதவு யாருக்கு வேணும்னாலும் திறந்திருந்தா தொல்லைதான். ஆனா கவனிங்க, அந்தத் தொல்லை நடந்தது ஐபோனுக்கும் ஐபோனுக்கும் நடுவுல. அதுக்கு ஆப்பிள் கண்டுபிடிச்ச மருந்து என்ன? 2022 கடைசியில, எல்லாருக்கும்னு திறந்து வச்சா 10 நிமிஷத்துல தானா மூடிக்கற மாதிரி செஞ்சாங்க. நல்ல மருந்து. அனுமதி கேளு, நேரத்துக்குக் கட்டுப்பாடு வை. எதிராளி என்ன பிராண்டு வச்சிருக்கான்னு பாக்கறது இந்த மருந்துல எங்கயும் கிடையாது. மூடி வச்சா தானா பத்திரம்னும் சொல்ல முடியாது. ஏர்டிராப் அடையாளம் பாக்கற முறையில போன் நம்பர் கசிய வாய்ப்பு இருக்குன்னு அதே டார்ம்ஸ்டாட் ஆட்கள்தான் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க.

அப்போ சாவடியை யார் உடைப்பா? கம்பெனி மனசு மாறி உடைக்கறதைப் பாத்ததா சரித்திரம் இல்ல. சட்டம் வந்தாத்தான் உடையும். உதாரணம் கையிலயே இருக்கு. 2023 செப்டம்பர்ல ஐபோன் 15-ல டைப்-சி ஓட்டை வந்ததே, அது ஐரோப்பிய யூனியன் போட்ட சட்டத்தால. அங்க ப்ரஸ்ஸல்ஸ்ல போட்ட சட்டத்துக்கு இங்க தக்கலைக்காரன் ஒரே சார்ஜர்ல ரெண்டு போனுக்கும் சார்ஜ் போடறான்.

ஃபைல் விஷயத்துலயும் அதேதான். டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்குக் கீழ 2025 மார்ச்ல ஐரோப்பிய ஆணையம் ஆப்பிளுக்கு உத்தரவு போட்டது. உன் போன் பக்கத்துப் பொருளோட பேசற வழிகளை மத்தவங்களுக்கும் திறந்து விடுன்னு. அந்த வருஷம் செப்டம்பர்ல வந்த ஐஓஎஸ் 26-ல வைஃபை அவேர்ங்கற பொது முறைக்கு இடம் குடுத்தாங்க. 2025 நவம்பர் 20 அன்னைக்கு கூகிள், பிக்ஸல் 10 போனோட க்விக் ஷேர் நேரா ஏர்டிராப்போட பேசும்னு அறிவிச்சது. ஐபோன்காரர் 10 நிமிஷத்துக்கு எல்லாருக்கும்னு திறந்து வச்சா போதும், நடுவுல சர்வர் கிடையாது. இதை ஆப்பிளோட சேர்ந்து செய்யல, நாங்களே செஞ்சோம்னு கூகிள் சொல்லிச்சு. பாத்தீங்களா, 12 வருஷமா முடியாத காரியம் முடிஞ்சு போச்சு. முதல்ல வந்தது விலை ஜாஸ்தியான போன்ல. பத்தாயிரம் ரூபா போனுக்கு வந்தாத்தான் நம்ம ஆச்சிக்கு வந்ததா அர்த்தம்.

நம்ம நாட்டுக்கும் இதுல அனுபவம் இல்லாம இல்ல. 2011 ஜனவரி 20-ல நாடு முழுக்க நம்பர் மாத்தாம கம்பெனி மாத்தற வசதி வந்தது. அதுவரைக்கும் நம்பர் போயிருமேன்னு பயந்து ஒரே கம்பெனிகிட்ட மாட்டிக்கிட்டுக் கிடந்தோம். 2016-ல யுபிஐ வந்தது. இந்த பேங்க்ல இருந்து அந்த பேங்க்குக்கு, இந்த ஆப்புல இருந்து அந்த ஆப்புக்கு, அப்டா மார்க்கெட்டுல காய்கறிக்கு அஞ்சு பத்து ரூபா வரைக்கும் போகுது. எந்தக் கம்பெனி ஆப்புன்னு கடைக்காரர் கேக்கறாரா? பணத்துக்கே பொது வழி போட முடிஞ்ச நாட்டுல படத்துக்குப் பொது வழி போட முடியாதா? டிஜிட்டல் போட்டிச் சட்ட மசோதான்னு 2024 மார்ச்ல ஒரு வரைவு வெளியிட்டாங்க. பெரிய கம்பெனிகளைப் பத்தின அந்தப் பேச்சு நடக்கும்போது, "பக்கத்து போனுக்குப் படம் போகணும்"ங்கற ஒரு வரியையும் சேத்துக் கேக்கணும்னு என் கட்சி. விற்பனைக்கு வர்ற எந்த போனும், எந்தக் கம்பெனி போனுக்கும், நெட் இல்லாம, சம்மதம் கேட்டு ஃபைல் அனுப்பணும். இவ்வளவுதான் கோரிக்கை. இதைவிடச் சின்னதாக் கேக்க எனக்குத் தெரியல.

தமிழ் இணையத்துல பழம் தின்னு கொட்டை போட்டவங்களுக்கு இது இன்னும் நல்லாப் புரியும். திஸ்கி, டாப், டாம்னு ஆளுக்கொரு குறியீட்டுல எழுதிக்கிட்டு, ஒருத்தர் எழுதினது அடுத்தவர் கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமாத் தெரிஞ்ச காலம் உண்டே. பொங்குதமிழ் பக்கத்துல ஒட்டி மாத்தி மாத்திப் படிச்சோம். ஏதோ ஒரு எழுத்துரு ஜெயிச்சதால அது முடியல. யுனிகோடுன்னு ஒரு பொது முறைக்கு எல்லாரும் வந்ததால முடிஞ்சது. இன்னைக்கு இந்தப் பதிவை எந்த போன்ல படிச்சாலும் தமிழ் தமிழாத்தான் தெரியும்.

சரி, சட்டம் வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் என்ன பண்ணலாம்? நான் பயன்படுத்திப் பாத்த வழிகள்:

1. லோக்கல்சென்ட். இலவசம், விளம்பரம் இல்லாதது, திறந்த மூல ஆப். ரெண்டு போன்லயும் போட்டுக்கணும். ரெண்டும் ஒரே வைஃபையில இருக்கணும். வைஃபை இல்லையா, ஆண்ட்ராய்டுல ஹாட்ஸ்பாட் போட்டு ஐபோனை அதுல சேருங்க. ஃபைல் நேரடியாப் போறதால அதுக்கு டேட்டா செலவாகாது. ஐபோன்ல முதல் தடவை "லோக்கல் நெட்வொர்க்"னு அனுமதி கேக்கும், சரின்னு குடுக்கணும். குடுக்கலைன்னா ஒண்ணையொண்ணு பாக்காது. லாட்ஜ், ஆஸ்பத்திரி மாதிரி பொது வைஃபையில பெரும்பாலும் போன்கள் ஒண்ணையொண்ணு பாக்க விடமாட்டாங்க, அங்கயும் ஹாட்ஸ்பாட்தான்.

2. டைப்-சி பென்டிரைவ். ஐபோன் 15-க்குப் பிறகு வந்ததுன்னா இதுதான் வயசானவங்களுக்கும் புரியற வழி. ஆண்ட்ராய்டுல சொருகி காப்பி பண்ணுங்க, பிடுங்கி ஐபோன்ல சொருகுங்க, ஃபைல்ஸ் ஆப்புல தெரியும். பென்டிரைவ் ஃபேட்32-ல இருந்தா 4 ஜிபிக்கு மேல உள்ள ஒத்தை ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்திக்கணும்.

3. வாட்ஸப்தான் வேணும்னா, படமா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்புங்க. படமா அனுப்பினா சுருக்கிடும். டாக்குமெண்ட்டா அனுப்பினா மூலப் படம் அப்படியே போகும், 2022-ல இருந்து 2 ஜிபி வரைக்கும் அனுப்பலாம்.

4. ஐபோன்ல எடுத்த படம் சிலசமயம் பழைய கம்ப்யூட்டர்லயும் ஸ்டூடியோவுலயும் திறக்காது. 2017-ல இருந்து ஹெய்க்ங்கற வடிவத்துல சேமிக்கறதுதான் காரணம். செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மேட்ஸ் போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்"னு வச்சா ஜேபெக்கா எடுக்கும். இடம் கொஞ்சம் ஜாஸ்தி பிடிக்கும், பிடிச்சிட்டுப் போகட்டும்.

க்விக் ஷேர்ல ஐபோன் தெரியற வசதி உங்க போனுக்கு வந்திருக்கான்னும் ஒருதடவை பாத்துக்கங்க. வந்திருந்தா மேல சொன்ன நாலும் தேவைப்படாது.

ஓணம், கிறிஸ்துமஸ், பொங்கல்னு ஊருக்கு வர்ற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. பஸ் ஏறறதுக்கு முன்னால ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்க. நீங்க எடுத்த படங்களோட மூலத்தை வீட்டுப் போன்லயோ ஒரு பென்டிரைவ்லயோ போட்டு வச்சுட்டுப் போங்க. போனை எக்ஸ்சேஞ்சு பண்றதுக்கு முந்தி ஒருதடவை அப்பாகிட்ட, ஆச்சிகிட்ட கேளுங்க, "எந்தப் படம் வேணும்?"னு. அவங்க கேக்கற படம் நீங்க அழகுன்னு நினைக்கற படமா இருக்காது. பைய உக்காந்து கேளுங்க.

திருவிதாங்கூர் அஞ்சல் இந்தியத் தபாலோட சேர்ந்தப்ப ரெண்டு தபாலும் ஒண்ணும் அழிஞ்சு போயிரல, கடிதாசு சுலபமாப் போச்சு, அவ்வளவுதான். ரெண்டு போன் கம்பெனியும் ஒத்துப்போனா அவங்களுக்கும் ஒண்ணும் குறைஞ்சிராது. குறையுதுன்னா, அவங்க விக்கறது போன் இல்ல, வேலின்னு அர்த்தம்.

பி.கு: இந்தப் பதிவுக்கு எந்த போன் கம்பெனியும் எனக்குக் காசு தரல. தர்றதா இருந்தா சக்கரமா வேண்டாம், யுபிஐல போடச் சொல்லுங்க. :-)